பிரமிட்டுக்குள்ளே சூதுக் கடை!

சூதாட்டத்தால் நாடு செழிக்கும் என்னும் புதிய வேதம் கொழும்பிலே ஓதப்பட்டு வருகிறது. 2025 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் 2 ஆம் திகதி, 120 கோடி டொலருக்கு மேற்பட்ட முதலீட்டில் எழுந்த மாளிகையொன்று, சூது மண்டபத்தையும் தன்னகத்தே கொண்டு, தலைநகரிலே கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டிலே சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தவென ஓர் அதிகாரசபையை நிறுவும் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. உல்லாசப் பிரயாணிகள் வந்து குவிவர், டொலர் மழை பொழியும், வேலையில்லாத் திண்டாட்டம் பறந்தோடும் என்றெல்லாம் நமக்கு உபதேசம் நடக்கிறது. கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், வேதம் ஓதுவோர் எவரும் அந்த வேதம் பிறந்த ஊரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை.

நாம் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தே இதனை எழுதுகிறோம்.

அமெரிக்காவிலே நெவாடா என்னும் பாலைவன மாநிலம், உலகப் பொருளாதார மந்தத்தின் பிடியிற் சிக்கி வேறு வழி காணாத நிலையில், 1931 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19 ஆம் திகதி சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதன் பயனாக வளர்ந்ததே லாஸ் வேகாஸ். நம்மவருள் டாக்டர்களும் எஞ்சினியர்களும் கணக்காளரும் இன்று அவ்வூருக்கு மாநாடுகளின் பொருட்டுப் போய் வருகின்றனர். திரும்பி வரும்போது அங்குள்ள கட்டடங்களின் முன்னே நின்று எடுத்த படங்களையும் கொண்டுவருகின்றனர். படத்திலே கட்டடம் இருக்கிறது; கணக்கு இல்லை. அந்தக் கணக்கைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிலே ஒரு வேடிக்கை. லாஸ் வேகாசின் பேர்பெற்ற சூது வீதி, சட்டப்படி பார்த்தால், லாஸ் வேகாஸ் மாநகர எல்லைக்குள் இல்லவே இல்லை. நகரசபையார் தம் எல்லையை விரித்து அங்கே வரி அறவிட முனைந்தபோது, சூதுக்கடை முதலாளிகள் அதற்கு இடங்கொடாது, 1950 ஆம் ஆண்டிலே அப்பகுதியைத் தனியூராகப் பிரகடனஞ் செய்வித்துக்கொண்டனர். அந்த ஊருக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? பரடைஸ்! சொர்க்கம் என்று பொருள். நகரசபை வரிக்கு அஞ்சி ஓடியவர்கள் கட்டிய சொர்க்கம் அது.

அச்சொர்க்கத்தின் தென்கோடியிலே ‘லக்சோர்’ என்றொரு விடுதி இருக்கிறது. 1993 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே திறக்கப்பட்டது. எகிப்து தேசத்துப் பிரமிட்டின் வடிவிலே, கறுப்புக் கண்ணாடியால் போர்த்து, 30 மாடியும் 350 அடி உயரமுமாக நிற்கிறது. வாசலிலே மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்ஸ் உருவம். அது எகிப்திலுள்ள மூலச் சிலையிலும் பெரிது. அதன் வயிற்றின் கீழே மோட்டார்க் கார்கள் வந்து நின்று ஆட்களை இறக்கிச் செல்கின்றன. சரிந்த சுவரிலே லிப்டுகளும் நேரே ஏறமாட்டா. 39 பாகை சாய்ந்தே ஏறுகின்றன. சரித்திரம் படித்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். எகிப்திலே லக்சோர் என்னும் நகரில் அந்தப் பெரும் பிரமிட்டும் இல்லை, அந்த மூல ஸ்பிங்ஸ் சிலையும் இல்லை. அவை அங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீற்றர் வடக்கே, கெய்ரோ நகரை அடுத்த கீசாவில் இருக்கின்றன. தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டி அதற்குக் கன்னியாகுமரி என்று பெயரிட்டாற் போன்ற கதை இது. ஆனால் அங்கே வருபவன் சரித்திரம் படிக்க வருவதில்லையே!

ஒரு பழம்பெரும் நாகரிகம் தன் அரசரைப் புதைத்த சமாதியின் வடிவத்தை எடுத்து, அதன் அடித்தளத்தில் சூது மேசை போட்டிருக்கிறார்கள். தொடக்கத்திலே துட்டன்காமன் மன்னனின் கல்லறையைப் போன்ற காட்சிசாலையொன்றும் உள்ளே இருந்தது. ‘நைல் நதி’ என்று ஒரு நீரோடை வெட்டிப் படகும் விட்டார்கள். அந்த நைல் நதிக்கு ஆயுள் மூன்றே ஆண்டு. 1996 இல் படகோட்டத்தை நிறுத்திவிட்டார்கள். 2007 ஆம் ஆண்டிலிருந்து எகிப்தியச் சோடனைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றலாயினர். மன்னனின் கல்லறைக் காட்சி, நகரத்து நூதனசாலையொன்றுக்குத் தானமாகப் போய்ச் சேர்ந்தது. கழற்ற முடியாத பிரமிட்டும் ஸ்பிங்சும் மாத்திரம் நிற்கின்றன. காசு பிடுங்க உதவும்வரை கலாசாரம் வேண்டும். உதவாதபோது அது குப்பை. நாளைக்கு நம் நாட்டிலே இத்தகைய விடுதியொன்றுக்கு வேடம் வேண்டுமென்றால் எதனை எடுப்பார்கள் என்று சிந்தித்துப் பாருங்கள். சிகிரியாவை எடுப்பார்கள்; நல்லூர்க் கோபுரத்தையும் எடுக்கத் தயங்கார்.

அப்பிரமிட்டின் உச்சியிலிருந்து இரவு தோறும் வானை நோக்கி ஓர் ஒளிக்கம்பம் எழுகிறது. 39 விளக்குகளின் ஒளியை ஒன்றுசேர்த்து மேலே பாய்ச்சுகிறார்கள். அந்த ஒளியை நாடிப் பூச்சிகள் வருகின்றன. பூச்சிகளைத் தின்ன வௌவால்கள் வருகின்றன. வௌவால்களைத் தேடி ஆந்தைகள் வருகின்றன. 2019 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே வெட்டுக்கிளிகள் கூட்டங் கூட்டமாக வந்து அந்நகரத்து வெளிச்சங்களை மொய்த்த காட்சி வானிலை ராடாரிலே மேகம்போல் தெரிந்தது. உள்ளே நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் வேறில்லை.

பந்தய மண்டபம்

உள்ளே போனோம். பகலா இரவா என்று அறிய ஒரு சாளரம் கிடையாது. கடிகாரமும் கண்ணிற் படவில்லை. காசு விழுங்கும் பொறிகளின் காட்டைக் கடந்து, விளையாட்டுப் பந்தயம் கட்டும் மண்டபத்தை அடைந்தோம். இந்த ஒரு பகுதியே நம் நாட்டவர் முக்கியமாக அறிந்திருக்க வேண்டியது. சீட்டும் உருளையும் செல்வருடைய பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாம். விளையாட்டுப் பந்தயமோ நம் வீட்டுப் பிள்ளையின் கைக்கே வரக்கூடியது, வந்தும்விட்டது.

சுவர் முழுவதும் திரைகள். ஒன்றிலே அமெரிக்கக் காற்பந்து, மற்றொன்றிலே கூடைப்பந்து, வேறொன்றிலே இங்கிலாந்துக் காற்பந்து, ஒரு மூலையிலே குதிரைகள். திரைகளின் நடுவே வெறும் இலக்கங்கள் நிரம்பிய பலகை. எதிரே மெத்தை வைத்த நாற்காலிகள். நாம் சென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்நாட்டின் கீழ்க்கரையிலே பிற்பகல் ஒரு மணிக்கு ஆரம்பமாகும் ஆட்டம் அங்கே காலை 10 மணிக்கே தெரியும். ஆகவே ஊர் தேவாலயத்துக்குப் போகும் வேளையில் அம்மண்டபம் நிறைந்திருந்தது. கையிலே பற்றுச்சீட்டுக் கற்றையும் பக்கத்திலே பியர்க் கோப்பையுமாக இருந்தவர்கள் கோடீசுவரர் அல்லர். லொறிச் சாரதியும், கடைச் சிப்பந்தியும், உபகாரச் சம்பளத்தில் வாழும் முதியவருமாகவே தோன்றினர்.

ஆட்டமொன்று முடிவுக்கு வந்தது. ஓர் அணி 3 புள்ளியால் வென்றது. வென்ற அணியின் சட்டையையே அணிந்திருந்த ஒருவர் தலையிலே கையை வைத்துக்கொண்டார். வெற்றிக்கு ஏன் இந்த ஒப்பாரி என்று வினவினோம். தாம் கட்டிய பந்தயத்தின்படி அந்த அணி வென்றாற் போதாது, 4 புள்ளியாலேனும் வென்றிருக்க வேண்டும் என்றார். புள்ளி வித்தியாசம் என்பது இதுவே. வலிய அணிக்கு எதிராகவும் மெலிய அணிக்கு ஆதரவாகவும் பந்தயம் ஏறக்குறையச் சரிபாதியாக விழும்படி, கடைக்காரன் ஓர் இலக்கத்தை நடுவே நாட்டி விடுகிறான். அதன் பின்பு எவன் வென்றான், எவன் தோற்றான் என்பது பந்தயம் கட்டியவனுக்குப் பொருட்டன்று. தான் நேசித்த அணி வென்றதைக்கூட அந்த மனிதரால் கொண்டாட முடியவில்லை. விளையாட்டு அங்கே செத்துக் கிடந்தது; இலக்கம் மட்டும் உயிரோடிருந்தது.

கணக்கு இதோ!

இனி, நம் கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருமுறை பொறுமையோடு படிக்க வேண்டிய கணக்கு. அம்மண்டபத்திலே 100 டொலர் வெல்ல விரும்புபவன் 110 டொலர் கட்டவேண்டும். அதுவே வழமையான விதி. இராமன் ஓர் அணியில் 110 கட்டுகிறான். சோமன் எதிரணியில் 110 கட்டுகிறான். கடைக்காரன் கையில் 220. ஆட்டம் முடிந்ததும் வென்றவனுக்கு அவனுடைய 110 ஐயும், வென்ற 100 ஐயும் சேர்த்து 210 கொடுக்கிறான். மிச்சம் 10 டொலர் அவன் பெட்டியிலே. இராமன் வென்றாலும் சோமன் வென்றாலும் அந்தப் பத்து டொலர் அவனுக்குரியது. பாரதத்திலே சகுனியாவது தருமரின் முன்னே நேருக்கு நேர் அமர்ந்து காயை உருட்டினான். இந்தச் சகுனி ஆட்டத்திலேயே சேர்வதில்லை; தருமரையும் துரியோதனனையும் மோதவிட்டு இருவர் மடியிலும் கை வைக்கிறான்.

220 க்குப் பத்து என்றால் நூற்றுக்கு நாலரை வீதத்துக்குச் சிறிது அதிகம். இது அற்பந்தானே என்பீர்கள். அற்பமன்று. வென்ற காசை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனை நாம் அங்கே காணவில்லை; அதையே மீண்டும் கட்டுகிறான். ஒரு மூடை நெல்லை ஒரு சாக்கிலிருந்து இன்னொரு சாக்குக்கு மாற்றி மாற்றிக் கொட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நிற்பவன் நாலு கைப்பிடி அள்ளிக்கொள்கிறான் என்று வையுங்கள். ஆயிரம் ரூபாவை இவ்விதம் பத்துத் தரம் பந்தயத்திலே சுழற்றினால் சராசரியாக மிஞ்சுவது சுமார் 628 ரூபா. இருபது தரம் சுழற்றினால் 394 ரூபா. இதிலே எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. விதி அச்சிட்டுச் சுவரிலே தொங்குகிறது. நட்டப்படாமல் இருக்க வேண்டுமாயின் 21 பந்தயத்தில் 11 ஐயேனும் வெல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் அவ்விதம் வெல்லக்கூடியவன் ஆயிரத்தில் ஒருவன் இருந்தாலும், அவன் கட்டக்கூடிய தொகையைக் கடைக்காரர் குறைத்து விடுவர். வெல்லத் தெரிந்தவனுக்குக் கதவு ஒடுங்கும். தோற்கத் தெரிந்தவனுக்கு இலவசப் பானம் வரும்.

இது போதாதென்று தொடர்ப் பந்தயம் என்றொன்றை இப்பொழுது பெரிதாக விளம்பரஞ் செய்கின்றனர். ஐந்து ஆட்டங்களின் முடிவையும் ஒருங்கே சரியாகச் சொன்னால் ஒரு டொலருக்கு 25 டொலர் என்று ஆசை காட்டுகின்றனர். சரிக்குச் சரியான ஐந்து ஆட்டங்களை ஒருங்கே சொல்லும் வாய்ப்பு 32 இல் ஒன்று. ஆகவே நியாயப்படி 32 டொலர் கொடுக்க வேண்டும். 25 கொடுத்துவிட்டு மீதியை விழுங்கினால் நூற்றுக்கு இருபதுக்கு மேல் கடைக்காரனுக்கு. எந்த வட்டிக்கடைக்காரனும் ஒரே பிற்பகலில் இவ்வளவு வாங்கியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. 2024 ஆம் ஆண்டிலே அமெரிக்கர் சட்டபூர்வமான விளையாட்டுப் பந்தயங்களிலே கட்டிய தொகை ஏறக்குறைய 15,000 கோடி டொலர். அதிலே கடைகள் தம்மிடம் நிறுத்திக்கொண்டது 1,370 கோடி டொலர் அளவில். நூற்றுக்கு ஒன்பது! நாலரை எப்படி ஒன்பதாயிற்று என்று கேட்பவர்கள், மேற்சொன்ன தொடர்ப் பந்தயத்தை நினைத்துக்கொள்க.

உருளை மேசையின் கதையும் இதுவே, சுருங்கச் சொன்னால். அமெரிக்க உருளையிலே 1 முதல் 36 வரை இலக்கங்களும் இரண்டு பூச்சியங்களும், ஆக 38 குழிகள். வென்றவனுக்குக் கிடைப்பதோ கட்டிய காசோடு சேர்த்து 36 மடங்கு. அந்த இரண்டு குழியும் முதலாளியின் சோற்றுப்பானை. 2016 ஆம் ஆண்டிலிருந்து அவ்வீதியிலே சில மண்டபங்கள் மூன்றாவது பூச்சியத்தையும் சேர்த்துவிட்டன. ஒரே பெயர், ஒரே உருளை, ஒரே பச்சைத் துணி. குழி மட்டும் ஒன்று கூடிற்று. எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்களோ!

“கமமும் ஒரு சூதுதானே?”

சூதுக்குப் பரிந்து பேசும் கெட்டிக்காரர் சிலர் உண்டு. வியாபாரம் சூதில்லையா, பங்குச் சந்தை சூதில்லையா, மழையை நம்பி விதைக்கும் கமக்காரன் சூதாடவில்லையா என்று கேட்பர். நம் கமக்காரர் பலர் இதற்கு மறுமொழி சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டு விலகுவதைக் கண்டிருக்கிறோம். மறுமொழி மிக எளிது. விதைத்தவன் தோற்றாலும் வென்றாலும் நிலம் எதையோ விளைவிக்கப் பார்க்கிறது. அவன் வென்றால் பிறனொருவன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மாறாக, நூறு பேர் உண்கின்றனர். 2025 நவம்பரிலே டிற்வாப் புயல் வந்து வயல்களை மூடியபோது, அந்த வெள்ளத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ள எவனும் வரம்பிலே பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சூது மேசையிலே ஒரு நெல்மணி விளைவதில்லை. ஒருவன் மடியிலுள்ளது மற்றவன் மடிக்குப் போகிறது, போகும் வழியிலே சுங்கமும் கழிகிறது. இயற்கை கொடுக்கும் ஆபத்தைச் சகித்துக்கொண்டு ஊருக்குச் சோறு போடுபவனையும், ஆபத்தையே சரக்காக்கி விற்பவனையும் ஒரே தராசில் நிறுப்பது கமக்காரனுக்குச் செய்யும் அவமானம்.

திருவள்ளுவர் கள்ளுக்கு ஓர் அதிகாரம் வைத்தார்; அதற்கடுத்துச் சூதுக்கு ஓர் அதிகாரம் வைத்தார்; சூதுக்கடுத்து அவர் வைத்தது மருந்து. முறைவைப்பைப் பற்றி உரையாசிரியர்கள் என்ன கூறினும், வரிசை நமக்குத் திருப்தியாயிருக்கிறது.

விளையாட்டுக்கு நேர்ந்த கதி

அமெரிக்காவிலே நெடுங்காலம் விளையாட்டுப் பந்தயம் நெவாடாவோடு பெரும்பாலும் நின்றது. 1992 ஆம் ஆண்டுச் சட்டமொன்று பிற மாநிலங்களை வேலியிட்டுத் தடுத்தது. 2018 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் திகதி அந்நாட்டு உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்று தீர்த்தது. ஆறேழு ஆண்டுகளுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் கதவைத் திறந்தன. பிரமிட்டுக்குள்ளே இருந்த மண்டபம் மக்களின் கைத்தொலைபேசிக்குள்ளே புகுந்தது.

விளைவு என்ன? 2024 ஆம் ஆண்டு மார்ச்சிலே ஜொன்ரே போர்ட்டர் என்னும் கூடைப்பந்து வீரர், நோயென்று கூறி மூன்றே நிமிடத்தில் ஆடுகளத்தை விட்டு வெளியேறினார். அவர் குறைந்த புள்ளியே எடுப்பார் என்று அன்று பெருந்தொகை கட்டியிருந்தனர் சிலர். ஏப்பிரலிலே சங்கம் அவரை ஆயுட்காலத்துக்கு விலக்கியது. யூலையிலே அவர் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 நவம்பரிலே அந்நாட்டுப் பேஸ்போல் சங்கத்தார், தனியொரு பந்தின் மீது கட்டும் பந்தயத்துக்கு 200 டொலர் என்று எல்லை வகுக்க வேண்டியதாயிற்று. ஒரு பந்து! எறிபவனும் கட்டுபவனும் மாத்திரம் கூடினாற் போதும், பதினெட்டுப் பேருடைய உழைப்பை விற்றுவிடலாம். நமக்கு இது புதிதன்று. 2010 ஆம் ஆண்டிலே லோர்ட்ஸ் மைதானத்தில் மூன்று நோபோல்களுக்காகப் பாகிஸ்தான் வீரர் மூவர் சிறை சென்றனர். இலங்கை 2019 ஆம் ஆண்டிலே விளையாட்டு மோசடியைக் குற்றமாக்கும் சட்டத்தை இயற்றியது. ஒரு கையாலே அச்சட்டத்தை எழுதிவிட்டு மறு கையாலே பந்தயக் கடைக்குச் சாவி கொடுப்பது எந்த நீதி?

வடக்கின் பெருஞ்சமரை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் அந்த மூன்று நாளும் வெளிநாட்டிலிருந்தெல்லாம் பழைய மாணவர் வந்து கூடுகின்றனர். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்து எறியும் அடுத்த பந்து நோபோலா இல்லையா என்று மரத்தடியிலிருந்து கைத்தொலைபேசியிலே காசு கட்டும் நாள் வருமாயின், அந்தப் பையனைத் தேடி முதலில் வருபவன் யார்? பயிற்சியாளன் அல்லன்.

வேலை வாய்ப்பு என்னும் பாட்டு

உண்மையை மறைக்க வேண்டியதில்லை. லாஸ் வேகாசிலே சமையலறையிலும் அறை துப்புரவாக்கும் பணியிலும் ஈடுபட்டோர் கௌரவமான சம்பளம் பெறுகின்றனர். வைத்திய வசதியும் ஓய்வூதியமும் உண்டு. ஆனால் அதைக் கொடுத்தது சூதன்று, தொழிற்சங்கம். ‘புரொன்டியர்’ என்னும் விடுதியிலே 1991 செப்டெம்பரிலே தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1998 தொடக்கத்திலேயே அது முடிந்தது. ஆறு ஆண்டும் நாலு மாதமும்! விடுதி கைமாறிய பின்னரே வென்று உள்ளே சென்றனர். சூது மண்டபத்தைக் கொழும்புக்குக் கொண்டுவர அவசரப்படுவோர், அந்தச் சங்கத்தையும் சேர்த்துக் கொண்டுவரச் சம்மதிப்பார்களா என்று முதலிற் கேட்போம்.

சூதே ஊரை வாழவைக்கும் என்பதற்கு அந்நாட்டிலேயே மறுப்பும் இருக்கிறது. கிழக்குக் கரையிலே அட்லாண்டிக் சிற்றி என்னும் கடலோரப் பட்டினம். அங்குள்ள மாநிலத்தவர் 1976 இல் வாக்கெடுப்பு மூலம் சூதை வரவேற்றனர். 1978 இல் முதல் மண்டபம் திறந்தது. பட்டினத்தை மீட்கும் மருந்து என்றனர். 2014 ஆம் ஆண்டு ஒன்றிலே மாத்திரம் பன்னிரண்டு மண்டபங்களில் நாலு மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று 240 கோடி டொலர் செலவிலே கட்டி இரண்டே ஆண்டு ஆனது. 2016 இல் நகரசபைக்குப் பணம் போதாமல் மாநில அரசாங்கமே நிருவாகத்தைக் கையேற்றது. பக்கத்து மாநிலங்களிலும் மண்டபங்கள் எழுந்ததும் வாடிக்கைக்காரர் அங்கேயே நின்றுவிட்டனர். வெளியாரின் சபலத்தை நம்பிக் கட்டிய பொருளாதாரத்துக்கு இதுதான் ஆபத்து. நாம் நம்பியிருப்பது முக்கியமாக இந்தியப் பிரயாணிகளை. கொழும்பிலே மண்டபம் திறந்த அதே ஓகஸ்டிலே இந்தியப் பாராளுமன்றம், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது என்பதையும் குறித்துக்கொள்க.

டொலர் யாருடையது?

இப்பொழுது வேதத்தின் மூல மந்திரமாகிய டொலருக்கு வருவோம். வெளிநாட்டவன் ஒருவன் கொண்டுவந்து தோற்றுச் செல்லும் பணமே நாட்டுக்குப் புதிதாக வரும் டொலர். இந்நாட்டுக் குடிமகன் தோற்பது ரூபா. அது அவனுடைய பிள்ளையின் படிப்புக்கும் வயலின் உரத்துக்கும் வீட்டின் கூரைக்கும் போயிருக்க வேண்டிய ரூபா. அந்த ரூபாவிலே நடத்துநரான வெளிநாட்டுக் கம்பெனியின் இலாபப் பங்கு திரும்பவும் டொலராக மாறி வெளியே போகும். ஆகவே, உள்ளே போகும் நம்மவர் தொகை கூடக்கூட, நாட்டுக்கு டொலர் வருவதற்குப் பதிலாக டொலர் போகும். இச்சிறு கணக்கை எந்த மேடையிலும் எவரும் சொல்லக் கேட்டிலோம்.

நம்மவர் உள்ளே போகாதிருக்கவே கட்டணம் விதித்திருக்கிறோம் என்பர். 2025 ஆம் ஆண்டிலே இலங்கையர் நுழைவதற்கான அறவீட்டை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தினர். நன்று. ஆனால் பணக்காரனுக்கு அது தடையன்று. நடுத்தரக் குடும்பத்தவனுக்கோ, கொடுத்த நூறு டொலரையும் மீட்டெடுக்க வேண்டும் என்ற வெறியைத் தருவது. சிங்கப்பூரிலே நாளொன்றுக்கு 150 சிங்கப்பூர் டொலர் அறவிடுகிறார்கள். அதோடு நில்லாது, குடும்பத்தவர் விண்ணப்பித்தால் ஒருவரை உள்ளே விடாது தடுக்கும் கட்டளையும் அங்கே உண்டு. கொரியாவிலே இருக்கும் மண்டபங்களுள் ஒன்றே ஒன்றிலேதான் சொந்தக் குடிமக்களை அனுமதிக்கின்றனர். நேபாளம் தன் பிரசைகளை விடுவதேயில்லை. நம்மிலும் வறிய நாட்டுக்கு உள்ள மானம் நமக்கு ஏன் இல்லை?

கட்டணம் இல்லாத சூது வேறே இருக்கிறது. இங்கிலாந்திலே ஓடும் குதிரைக்கு இந்நாட்டுக் கூலியாள் காசு கட்டும் புக்கிக் கடைகள் கொழும்பிலும் மலையகத்துப் பட்டினங்களிலும் நெடுங்காலமாக நடக்கின்றன. தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளம் எந்தக் குதிரையின் காலிலே போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. இப்பொழுது அக்கடையும் வேண்டியதில்லை; கைத்தொலைபேசி போதும். மாளிகையின் வாசலிலே காவற்காரன் கடவுச்சீட்டைப் பார்க்கிறான். கைத்தொலைபேசியின் வாசலிலே யார் நிற்கிறார்கள்?

நம் பாராளுமன்றப் பிரதிநிதிகளுக்குச் சில வார்த்தைகள். உரிமைப் பிரச்சினை தலைக்கு மேலிருக்கையில் சூதைப் பற்றி என்ன பேச்சு என்று கூறி நழுவ வேண்டாம். இச்சட்டம் கொழும்பிலே இயற்றப்பட்டாலும் இதன் கை வல்வெட்டித்துறைக்கும் வாகரைக்கும் பதுளைக்கும் நீளும். நாகபட்டினத்துக் கப்பல் வந்து நிற்கும் காங்கேசன்துறைக் கடற்கரையிலே நாளை ஒருவன் ‘அபிவிருத்தி’ என்ற பெயரோடு இதே மாளிகையின் வரைபடத்தை விரிப்பானாயின், அப்பொழுது விழித்தெழுந்து பயனில்லை. குடும்பத்தவர் கேட்டால் ஒருவரைத் தடுக்கும் சிங்கப்பூர் முறையை இங்கும் சட்டமாக்கும்படி இப்பொழுதே கேளுங்கள். கைத்தொலைபேசிப் பந்தயத்தின் விளம்பரத்தை விளையாட்டு ஒலிபரப்பிலும் வீரரின் சட்டையிலும் அடியோடு தடைசெய்யும்படி கேளுங்கள்.

இன்னொன்று. நெவாடா மாநிலத்திலே சூதைக் கண்காணிக்கும் சபை மாதந்தோறும் கணக்கு வெளியிடுகிறது. எந்த ஆட்டத்திலே மண்டபங்கள் எவ்வளவு வென்றன என்று எவரும் படிக்கலாம். 2024 ஆம் ஆண்டிலே அம்மாநிலத்து மண்டபங்கள் ஆடுவோரிடமிருந்து வென்ற தொகை 1,560 கோடி டொலர் அளவில் என்று நாம் அறிவது அவ்வாறே. சூதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்வதை, சூதை ஒழுங்குபடுத்தப் போவதாகக் கூறும் நம் அதிகாரசபையும் செய்யட்டும். மண்டபத்துக்கு மாதமொன்றில் வந்த வெளிநாட்டவர் எத்தனை பேர், இலங்கையர் எத்தனை பேர், வெளிநாட்டவர் தோற்றது எவ்வளவு, இலங்கையர் தோற்றது எவ்வளவு, நடத்துநர் வெளியே எடுத்துச் சென்றது எவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வெளியிடட்டும். அடுத்த அமர்விலேயே இந்த ஐந்து கேள்விகளையும் எழுத்திலே கொடுத்து, மறுமொழியை ஹன்சார்டிலே ஏற்றுவிக்க நம் பிரதிநிதிகளுள் ஒருவராவது முன்வர வேண்டும். முன்வருபவர் எக்கட்சியினராயினும் அவர் பெற்ற மறுமொழியை ஓர் எழுத்தும் விடாது இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.